சீசன் நடுவில் கோச்சை மாற்றுவது எப்படி

லீக் பாதி ஓடியிருக்கும், ஆடினதில் முக்கால்வாசி தோற்றிருக்கும், கிரீன் சர்க்கிள் பக்கம் டீ குடிக்கும்போது யாராவது ஒருத்தர் "மாஸ்டர மாத்திட்டா எல்லாம் சரியாயிடும்பா" என்று ஆரம்பிப்பார். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம், எந்த ஊர் கிரிக்கெட் கிளப்பை எடுத்தாலும் இந்தப் பேச்சு வராத வருஷம் இல்லை. மாற்றலாம், தப்பே இல்லை. ஆனால் மாற்றுகிற விதத்தில்தான் நம் ஆட்கள் ஊரைக் கூட்டி அசிங்கப்படுத்திவிடுகிறார்கள். அதனால் கமிட்டியில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோச்சுகள் படித்தாலும் நல்லதுதான், என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

இந்த வேலையில் ஊறிப்போனவர்கள் அமெரிக்க பேஸ்பால்காரர்கள். அங்கே சாயங்காலம் ஏழு மணிக்குத் தொடங்குகிற மேட்ச் நமக்கு விடியற்காலை நாலரைக்கு வரும், வேலூர் வெயில் ஏறுவதற்கு முன்னால் பார்த்து முடித்துவிடலாம், அதனால் எனக்கு அந்தப் பழக்கம். பெரிய லீக்கில் 30 அணி, ஒவ்வொன்றுக்கும் 162 மேட்ச், மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். மேனேஜர் என்று அங்கே சொல்வது நம்மூர் தலைமை கோச்சைத்தான். ஆட்டக்காரர்கள் போடுகிற அதே யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பேட்டிங் ஆர்டர் போடுவார், பந்து வீசுகிறவரை எப்போது மாற்றுவது என்று முடிவெடுப்பார். ஆளை வாங்குவதும் விற்பதும் பெரும்பாலும் அவர் கையில் கிடையாது, அதற்கு மேலே ஜெனரல் மேனேஜர் என்று ஒருவர் இருக்கிறார். தோற்றால் மட்டும் முதலில் போவது கீழே இருப்பவர். 26 பேரை ஒரே நாளில் மாற்ற முடியாது, ஒருத்தரை மாற்றலாம், அவ்வளவுதான் கணக்கு. நம்மூர் கமிட்டிக்கும் இதே கணக்குதான், என்ன, நாம் வெளியில் சொல்ல மாட்டோம்.

முதல் வேலை, ஸ்கோர்புக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். தோற்ற மேட்ச் ஒவ்வொன்றிலும் அன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்று பாருங்கள். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிற பையன்கள் டீமில் இருந்தால், மாசக் கடைசியில் ஷிப்மென்ட் வரும்போது ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் போட்டுவிடுவார்கள். ஓப்பனிங் பௌலர் டூட்டியில், விக்கெட் கீப்பர் தங்கச்சி நிச்சயதார்த்தத்தில், ஒன்பது பேரோடு இறங்கித் தோற்றால் அதற்கு மாஸ்டர் என்ன செய்வார்? அப்புறம் எவ்வளவு வித்தியாசத்தில் தோற்றோம் என்று பாருங்கள். ஐந்து ரன், பத்து ரன்னில் போன மேட்ச்சுகள் நாலு இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். 2019-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி முதல் 50 மேட்ச்சில் 31 தோற்றது. மேனேஜர் டேவ் மார்ட்டினஸை இன்றைக்கு அனுப்புவார்கள், நாளைக்கு அனுப்புவார்கள் என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள், அனுப்பவில்லை, அந்த வருஷ உலகத் தொடரை, அதாவது பெரிய லீக்கின் இறுதித் தொடரை, அந்த அணிதான் ஜெயித்தது. (அதே மார்ட்டினஸை அதே அணி 2025 ஜூலையில் சீசன் நடுவில் அனுப்பியது, ஜெனரல் மேனேஜரையும் சேர்த்து. அது வேறு கதை.)

ஆளே சரியில்லாத டீம் என்றால் கோச்சை மாற்றி ஒன்றும் ஆகாது. 1988-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் முதல் ஆறு மேட்ச்சும் தோற்றவுடன் மேனேஜரை அனுப்பிவிட்டு ஃப்ராங்க் ராபின்சனைக் கொண்டுவந்தார்கள். எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் அவர். வந்த பிறகு வரிசையாக இன்னும் 15 தோல்வி, மொத்தம் 21. கொலராடோ ராக்கீஸ் 2025 மே மாதம் 7 வெற்றி 33 தோல்வியில் மேனேஜர் பட் பிளாக்கை அனுப்பினார்கள், சீசன் முடிவில் 43 வெற்றி, 119 தோல்வி.

அப்படியானால் எப்போதுதான் கோச் காரணம்? நெட் ப்ராக்டிஸுக்கு வருகிற கூட்டத்தைப் பாருங்கள். வேலை இருக்கிறவன் வராமல் இருப்பது வேறு, நேதாஜி ஸ்டேடியம் வாசலில் பைக்கைப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வராமல் போவது வேறு. இரண்டாவது நடந்தால் பையன்களுக்கு அவர் மேல் இருந்த பிடிப்பு போய்விட்டது. சொந்த அக்கா மகன் ஃபார்மில் இல்லாமலே மூணாவது இடத்தில் இறங்கிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். இந்த மாதிரி விஷயத்துக்கு மட்டும்தான் நடுவில் மாற்றுவது மருந்து. மனசு விட்டுப்போன டீமுக்கு மனசைத் திருப்பித் தரலாம், கை வராத பையனுக்குக் கையைத் தர முடியாது.

சரி, மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. எப்போது? மிச்சம் இருக்கிற மேட்ச்சை எண்ணுங்கள், பாதிக்கு மேல் இருந்தால் செய்யலாம். பிலடெல்பியா ஃபில்லீஸ் 2022 ஜூன் 3 அன்று, 51 மேட்ச் முடிந்து 22 வெற்றி 29 தோல்வியில் இருந்தபோது ஜோ ஜிரார்டியை அனுப்பினார்கள். உடனிருந்த ராப் தாம்சன் பொறுப்பெடுத்து மிச்சத்தில் 65 ஜெயித்து, 46 தோற்று, உலகத் தொடர் வரைக்கும் கொண்டுபோனார். சியாட்டில் மரினர்ஸ் 2024-இல் ஆகஸ்ட் 22 வரைக்கும் இழுத்துவிட்டு ஸ்காட் சர்வைஸை அனுப்பினார்கள். மிச்சம் இருந்தது 34 மேட்ச், கடைசியில் ஒரே ஒரு மேட்ச் வித்தியாசத்தில் அடுத்த சுற்று வாய்ப்பு கைநழுவிப் போய்விட்டது. நம் லீக்கில் இரண்டு மூன்று மேட்ச்தான் பாக்கி என்றால் பேசாமல் சீசனை முடித்துக்கொண்டு, கணக்கு வழக்கு பார்க்கிற கூட்டத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

கேவலமாகத் தோற்ற அன்றைக்குச் சாயங்காலம் மட்டும் செய்யாதீர்கள். அன்றைக்கு எல்லாருக்கும் ரத்தம் சூடாக இருக்கும், சொல்லக்கூடாததைச் சொல்லிவிடுவோம். இடைவெளி விழுகிற வாரமாகப் பாருங்கள். நமக்கு அது தானாகவே வரும், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா வாரம், ஆடிக் கிருத்திகை வாரம், அப்போதெல்லாம் மேட்ச் வைத்தாலும் பாதி டீம் காவடிக்குப் பின்னால் போயிருக்கும். பாஸ்டன் ரெட் சாக்ஸ் 1988-இல் ஆல் ஸ்டார் இடைவேளையில், அதாவது சீசன் நடுவில் லீக் சில நாள் நிற்கிறபோதுதான் மேனேஜரை மாற்றியது, புதியவருக்கு வந்தவுடன் வரிசையாக 12 வெற்றி.

அடுத்து யார்? இதைப் பேசிவைக்காமல் பழையவரை அனுப்பினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேப்டனே கோச், கேப்டனே செலக்டர், கேப்டனோட மச்சானே ஓப்பனர் என்று ஆகிவிடும். பெரும்பாலும் உங்களுக்கு வேண்டிய ஆள் உள்ளேயே இருப்பார், தினமும் முதல் ஆளாக வந்து மேட்டிங் விரித்து, பையன்களுக்கு கேட்ச் தூக்கிப் போட்டுக்கொண்டு, யாருக்கு முட்டி வலி யாருக்கு வீட்டில் சண்டை என்று தெரிந்து வைத்திருப்பாரே, அவர். தாம்சன் அப்படி ஜிரார்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை கோச்தான். வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்தும் ஜெயித்திருக்கிறார்கள், 2003-இல் ஃப்ளோரிடா மார்லின்ஸ் 72 வயது ஜாக் மெக்கியனைக் கூட்டிவந்து அதே வருஷம் உலகத் தொடரை எடுத்தது. ஆனால் அது எல்லாருக்கும் அமையாது. யார் என்று மனசுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள், அவரிடம் முன்கூட்டியே வாய் திறக்காதீர்கள். சத்துவாச்சாரியில் காலையில் சொன்னது பாகாயத்துக்கு மத்தியானமே போய்விடும், பழைய கோச் காதில் விழாமல் இருக்காது.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். சொல்வது.

தலைவரே நேரில் போய்ச் சொல்ல வேண்டும், கூட ஒருத்தர் போதும். செகரட்டரியை அனுப்புவது, பொருளாளரை அனுப்புவது, பொதுவான நண்பர் மூலம் காதில் போடுவது, எதுவும் வேண்டாம். நியூயார்க் யாங்கீஸ் முதலாளி ஸ்டைன்பிரன்னர் 1985-இல் யோகி பெர்ராவை, சீசன் முழுக்க நீங்கள்தான் என்று வாக்கு கொடுத்துவிட்டு, 16 மேட்ச்சில் அனுப்பினார். அதையும் தானே சொல்லாமல் வேறொருவரைவிட்டுச் சொல்லவைத்தார். பெர்ரா அந்த ஸ்டேடியத்துக்குள்ளேயே 14 வருஷம் கால் வைக்கவில்லை. 1999-இல் முதலாளி நேரில் வந்து மன்னிப்புக் கேட்ட பிறகுதான் சமாதானம். வேலையைவிட்டு எடுத்ததைவிட எடுத்த விதம்தான் அந்த மனுஷனுக்கு வலித்தது. இன்னொரு கொடுமை 2008-இல், மெட்ஸ் அணி மேனேஜர் வில்லி ராண்டால்ஃபை நியூயார்க்கிலிருந்து கலிஃபோர்னியா வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய், அன்றைக்கு மேட்ச்சும் ஜெயித்த பிறகு, ராத்திரி ஹோட்டலில் வைத்துச் சொன்னார்கள். நியூயார்க்கில் பத்திரிகைக்காரர்களுக்குச் செய்தி போனபோது மணி விடிகாலை மூன்று தாண்டிவிட்டது. சியாட்டில் சர்வைஸ் விஷயம் இன்னும் மோசம், மேலிடம் கூப்பிட்டுச் சொல்வதற்குள் செய்தியில் வந்துவிட்டது, அவரே அதில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். நம்மூரில் அந்த வேலையை வாட்ஸப் குரூப் செய்யும்.

எங்கே சொல்வது என்று கேட்டால், மைதானத்தில் வேண்டாம், பையன்கள் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அவர் வீட்டுக்கும் போகாதீர்கள், வீட்டம்மா காபி கொண்டுவந்து வைத்த பிறகு இதைச் சொல்ல வாய் வராது, குசலம் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவீர்கள். கோட்டை அகழி ஓரம் காலையில் நடக்க வருகிறவராக இருந்தால் அங்கே போய்ப் பிடியுங்கள். கூட நடந்துகொண்டே சொல்வது இரண்டு பேருக்கும் சுலபம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. நீட்டாதீர்கள். "மாஸ்டர், கமிட்டியில பேசினோம். இந்த சீசன் மிச்சத்துக்கு வேற ஆள வச்சிப் பாக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். முடிவு எடுத்தாச்சி, உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்." இவ்வளவு போதும். ரிட்டையர்டு பி.டி. மாஸ்டர், நம்மில் பாதிப்பேருக்குப் பள்ளிக்கூடத்திலேயே விசில் ஊதினவர், அவரிடம் போய் மூணாவது மேட்ச்சில் ஸ்பின்னரை ஏன் லேட்டாகக் கொண்டுவந்தீர்கள் என்று கணக்குக் கேட்காதீர்கள். அவர் "இன்னாப்பா தப்பு பண்ணேன்" என்று கேட்பார், கேட்காமல் இருக்க மாட்டார். "டீமுக்கு ஒரு மாத்தம் வேணும் சார்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திட்டினாலும் கேட்டுக்கொள்ளுங்கள், அந்த உரிமை அவருக்கு உண்டு.

சிலர் "சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்" என்று கடிதம் எழுதி வாங்கலாம் என்பார்கள். அவராகக் கேட்டால் சரி. நீங்களாக நீட்டாதீர்கள், யாரும் நம்பப் போவதில்லை, கடிதத்தின் கீழே கையெழுத்துப் போட்டவருக்கு மட்டும் அது கடைசிவரை உறுத்தும்.

பணம். பெரிய லீக்கில் நடுவில் அனுப்பினாலும் ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கிற சம்பளத்தைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். நம் கிளப்பில் ஒப்பந்தமும் கிடையாது ஒன்றும் கிடையாது, மாசம் ஏதோ கொடுப்போம், பெட்ரோலுக்குக் கொடுப்போம். அந்த சீசன் முடிகிற வரைக்கும் உள்ளதை மொத்தமாக ஒரு கவரில் போட்டு அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள். வசூலாகட்டும் தருகிறோம் என்று இழுத்தால் அதைவிடக் கேவலம் இல்லை. கிட் பேக், ஸ்டோர் ரூம் சாவி, பையன்களின் பிறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ் கட்டு, இதெல்லாம் அவரிடம் இருக்கும். அன்றைக்கே கேட்காதீர்கள், ரெண்டு நாள் கழித்து அவருக்குப் பிடித்த பையன் ஒருத்தனை அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கட்டை மட்டும் மறந்துவிடக்கூடாது, அண்டர் நைன்டீன் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு ராத்திரியோடு ராத்திரியாக அலைய வேண்டிவரும்.

அவரிடம் சொல்லிவிட்டு நேராக மைதானத்துக்குப் போய்ப் பையன்களைக் கூட்டிச் சொல்லுங்கள். அப்புறம்தான் குரூப்பில், அதுவும் இரண்டே வரி, வாய்ஸ் நோட் வேண்டவே வேண்டாம். அட்மின் யாரும் அவரை குரூப்பிலிருந்து நீக்கக்கூடாது. அவராக வெளியேறும் வரை அந்தப் பெயர் அங்கேயே இருக்கட்டும், கொஞ்ச நாளைக்கு எல்லோரும் வாயை அடக்கிப் பேசவும் அது உதவும்.

புதியவர் முதல் மேட்ச்சிலேயே எல்லாவற்றையும் தலைகீழாக்க வேண்டாம். ஒரு மாற்றம், பையன்கள் எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு மாற்றம் போதும். அந்த அக்கா மகனை உட்காரவைத்தால் பாதி வேலை முடிந்தது. முதல் ரெண்டு மேட்ச் ஜெயித்தால் பட்டாசு வெடிக்காதீர்கள், அடிமட்டத்துக்குப் போன டீம் யார் இருந்தாலும் கொஞ்சம் மேலே வரத்தான் செய்யும். அந்த பாஸ்டன் அணி 20 மேட்ச்சில் 19 ஜெயித்து டிவிஷனில் (தன் பிரிவில்) முதலிடமும் எடுத்துவிட்டு, அடுத்த சுற்றில் ஓக்லண்ட் அணியிடம் நாலுக்கு நாலும் தோற்றது.

இன்னொன்று, நீங்கள் அனுப்பினவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். பாப் லெமனை சிகாகோ ஒயிட் சாக்ஸ் 1978 ஜூன் கடைசியில் அனுப்பியது, ஒரு மாதத்துக்குள் யாங்கீஸ் அவரைக் கூப்பிட்டுக்கொண்டது, அந்த வருஷ உலகத் தொடர் அவர் கையில். உங்கள் மாஸ்டரையும் ராணிப்பேட்டைக்காரர்களோ மேல்விஷாரத்துக்காரர்களோ கூப்பிட்டுக்கொள்வார்கள். உங்கள் ஓப்பனருக்கு ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தைப் பார்த்தால் கை நிற்காது என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். ஃபிக்ஸ்சர் வந்தவுடன் அந்த மேட்ச் எப்போது என்று பார்த்துவைத்துக்கொண்டு, பையனுக்கு இன்றிலிருந்தே பந்தை விடப் பழக்குங்கள்.