கல்லடிப் பாலத்தைப் பந்தயப் பாதையாக்கலாம்: 1990இன் ‘ஸ்டன்ட்ஸ்’ விளையாட்டைப் புதிய லாப்டொப்பில் ஓட்டுவது எப்படி?

பழைய ‘ஸ்டன்ட்ஸ்’ கார்ப் பந்தயத்தின் ஃபைலை விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள லாப்டொப்பில் இரண்டு முறை கிளிக் செய்தால், இந்தக் கணினியில் இது இயங்காது என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். போன பள்ளி லீவில் அக்காவின் மகன் அதைப் பார்த்துவிட்டு, “பழுதாப் போச்சா மாமா?” என்று கேட்டான். “இல்ல மனே, அதுக்கு ஒண்டும் ஆகல்ல. இந்த மெஷினுக்கு அதுட பாஷை தெரியாது” என்றேன். அன்று அவனுக்குப் பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் ஃபைலை வெட்டி ஒட்டத் தெரிந்தால் போதும்.

ஸ்டன்ட்ஸ் 1990இல் வந்தது. டிஸ்டிங்ட்டிவ் சொஃப்ட்வெயர் செய்தது, ப்ரோடர்பண்ட் வெளியிட்டது. ஐரோப்பாவில் இதற்கு ‘4டி ஸ்போர்ட்ஸ் டிரைவிங்’ என்று பெயர். 11 கார்கள், எதிராக ஓட 6 ஓட்டுநர்கள், வட்டமாகச் சுழன்று தலைகீழாக ஓடும் லூப், குழாய், பாலம், பனிப் பாதை, மண் பாதை எல்லாம் உண்டு. இவற்றையெல்லாம் விட முக்கியம், பாதையை நாமே கட்டலாம். 2002இல் சமாதானம் என்று சொல்லிப் பாதைகள் திறந்த காலத்தில், மட்டக்களப்பு டவுனில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில்தான் இதை முதலில் பார்த்தேன். எழுத்துத் தட்டப் பழகி முடித்தவர்களுக்குக் கடைசிப் பத்து நிமிடம் விளையாட்டு. அந்தப் பத்து நிமிடத்தில் நான் கார் ஓட்டியதை விடப் பாதை கட்டியதுதான் அதிகம்.

சரி, ஏன் ஓடவில்லை? ஸ்டன்ட்ஸ் எழுதப்பட்டது டொஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கு. அது 16 பிட் நிரல். இன்றைய 64 பிட் விண்டோஸில் 16 பிட் டொஸ் நிரல்களை இயக்கும் பகுதியே இல்லை. ஆகவே விண்டோஸின் செட்டிங்கை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. நல்ல வழி, விண்டோஸுக்குள் ஒரு பழைய டொஸ் கணினியைப் பாவனையாக உருவாக்கி, விளையாட்டை அதற்குள் ஓட விடுவது. அந்த வேலையைச் செய்கிற இலவச மென்பொருள்தான் டொஸ்பொக்ஸ்.

முதலில் டொஸ்பொக்ஸ்

டொஸ்பொக்ஸின் சொந்தத் தளத்தில் இருந்து 0.74-3 என்ற பதிப்பை இறக்குங்கள். 2019இல் வந்த பதிப்பு இது. இரண்டு எம்பிக்கும் குறைவு, டேட்டா தீரப் போகிற நாளிலும் இறக்கலாம். வழக்கம்போல நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று நிறுவினால் டெஸ்க்டொப்பில் ஒரு ஐகன் வந்து இருக்கும்.

விளையாட்டின் ஃபைல்கள்

உங்களிடமோ சொந்தக்காரர்களிடமோ பழைய டிஸ்கெட் இருந்தால் அதுவே நேர்மையான வழி. யூஎஸ்பியில் செருகும் ஃப்ளாப்பி டிரைவ் கிடைத்தால் போதும். ஆனால் கடற்கரைப் பக்கம் வைத்திருந்த டிஸ்கெட் என்றால் முதலில் இரும்புத் தகட்டை விலக்கிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள், டிரைவில் டிஸ்கெட்டைப் படிக்கிற தலையும் கெட்டுப்போகும். எனக்கு மூன்றில் ஒன்றுதான் தேறியது.

டிஸ்கெட் இல்லாதவர்கள் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற தளத்தின் டொஸ் விளையாட்டுத் தொகுப்பில் பிரவுசரிலேயே ஓட்டிப் பார்க்கலாம். ருசி பார்க்க அது போதும், ஆனால் அங்கே கட்டிய பாதை நிலைக்காது. கடையில் இல்லை என்பதால் ஒரு விளையாட்டின் உரிமை இல்லாமல் போய்விடாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். இன்னொன்று, ஸ்டன்ட்ஸ் முழுவதும் சேர்ந்தே ஒரு எம்பி3 பாட்டை விடச் சிறியது. இலவசம் என்று சொல்லி 100 எம்பி நிறுவியை எந்தத் தளமாவது தந்தால் அது ஸ்டன்ட்ஸ் இல்லை, மூடிவிடுங்கள்.

ஃபைல்கள் கைக்கு வந்ததும் சி டிரைவில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி எல்லாவற்றையும் அதற்குள் போடுங்கள். ஃபோல்டரின் பெயர் ஆங்கிலத்தில், 8 எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். டொஸ் காலத்துப் பெயர்களின் அளவு அவ்வளவுதான். என் மருமகன் ஆசையாகத் தமிழில் பெயர் வைத்தான், டொஸ்பொக்ஸ் அந்த ஃபோல்டரைக் கண்டுகொள்ளவே இல்லை.

இழுத்துப் போட்டால் போதும்

பல விளக்கங்களில் இந்த இடத்தில் கறுப்புத் திரையில் கட்டளை தட்டச் சொல்வார்கள். புதியவர்கள் பயந்து விட்டுவிடுவது இங்கேதான். அது தேவையில்லை. ஃபோல்டரைத் திறந்து, ஸ்டன்ட்ஸ் என்ற பெயருள்ள இயக்க ஃபைலை மவுஸால் பிடித்து, டெஸ்க்டொப்பில் உள்ள டொஸ்பொக்ஸ் ஐகனின் மேல் கொண்டுவந்து விடுங்கள். டொஸ்பொக்ஸ் அந்த ஃபோல்டரைத் தன் சி டிரைவாக எடுத்துக்கொண்டு விளையாட்டையும் தொடங்கிவிடும். சத்தம் வரவில்லை என்றால் அதே ஃபோல்டரில் உள்ள செட்அப் ஃபைலை இதே மாதிரி இழுத்துப் போட்டு, சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலி அட்டையைத் தேர்ந்து சேமித்துவிட்டு மறுபடி வாருங்கள்.

திரை முழுவதும் வேண்டுமென்றால் ஓல்ட் (Alt) விசையோடு என்டர். படம் 320க்கு 200 புள்ளிதான், ஆகவே பெரிய திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். நான் சின்னப் பெட்டியிலேயே ஓட்டுகிறேன். உள்ளே ஒரு முறை கிளிக் செய்தால் மவுஸ் அந்தப் பெட்டிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். பதற வேண்டாம், கன்ட்ரோலோடு எஃப்10 அழுத்தினால் வெளியே வந்துவிடும்.

விளையாட்டு இடையில் அதன் கையேட்டில் இருந்து ஒரு சொல்லைக் கேட்கும். கள்ளப் பிரதியைத் தடுக்க அந்தக் காலத்தில் வைத்த பூட்டு அது. பிழையாகச் சொன்னால் கார் கொஞ்சத் தூரத்திலேயே மோதி நின்றுவிடும். விளையாட்டு கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இதைத்தான். டிஸ்கெட்டோடு வந்த கையேட்டைப் பக்கத்தில் வைத்திருங்கள்.

வேகம்: இங்கேதான் நேரம் எடுங்கள்

கார் விக்கி விக்கி ஓடுகிறதா? பெரும்பாலும் ஓடும். டொஸ்பொக்ஸ் தன் பாவனைக் கணினிக்கு ஒரு வேகம் வைத்திருக்கிறது, அதைச் சைக்கிள்ஸ் என்று சொல்வார்கள். பெட்டியின் மேல் விளிம்பில் அந்த எண் தெரியும். இப்படியான பழைய விளையாட்டுக்கு அது 3000த்தில் தொடங்கும். ஸ்டன்ட்ஸுக்கு 3000 போதாது. வளைவில் திருப்பும்போது படம் ஒரு கணம் பிந்தி வரும், நீங்கள் திருப்பி முடிக்கும் முன் கார் புல்லுக்குள் போய்விடும். புதிதாக விளையாடுகிறவர், தனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்து விட்டுவிடுவார். என் மருமகனும் அப்படித்தான் முகத்தைத் தொங்கப் போட்டான்.

கன்ட்ரோலோடு எஃப்12 அழுத்தினால் ஒவ்வொரு அழுத்துக்கும் வேகம் நூற்றுக்குப் பத்து கூடும். 3000த்தில் இருந்து 20 முறை அழுத்தினால் ஏறக்குறைய 20,000 வரும். ஸ்டன்ட்ஸ் அந்த அளவில் வழுக்கிக்கொண்டு ஓடும். குறைக்க கன்ட்ரோலோடு எஃப்11. லாப்டொப்பில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம். அளவுக்கு மீறிக் கூட்டினால் உங்கள் கணினியால் ஈடுகொடுக்க முடியாமல் சத்தம் வெட்டி வெட்டி வரும். அந்த இடத்தில் இரண்டு படி இறங்குங்கள்.

ஒவ்வொரு நாளும் 20 முறை அழுத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஸ்டார்ட் மெனுவில் டொஸ்பொக்ஸின் பெயருக்குக் கீழே ஒப்ஷன்ஸ் என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் நோட்பேடில் ஒரு நீண்ட ஃபைல் வரும். அதில் சைக்கிள்ஸ், சமன் குறி, ஓட்டோ (cycles=auto) என்று இருக்கும் வரியைத் தேடுங்கள். ஓட்டோவை அழித்து, ஆங்கில எழுத்தில் ஃபிக்ஸ்ட் (fixed) என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு 20000 என்று போட்டுச் சேமியுங்கள். எண்ணுக்குள் காற்புள்ளி வேண்டாம்.

முதல் ஓட்டம்

அம்பு விசைகளால் ஓட்டுங்கள். மேல் அம்பு வேகம், கீழ் அம்பு பிரேக். கியரை ஓட்டோமெட்டிக்கில் விட்டுவிடுங்கள். முதல் நாளே லம்போகினி கவுன்டாச்சை எடுக்காதீர்கள். ஜீப் மாதிரி ஒரு எல்எம்002 இருக்கிறது, மெதுவானது, பாதையைப் பழக அதுதான் நல்லது. எதிராளி வேண்டுமென்றால் அந்த 6 ஓட்டுநர்களில் பேர்னி ரப்பரை எடுங்கள். ஸ்கிட் விஷியஸ் பக்கம் ஒரு மாதம் கழித்துப் போகலாம். லூப்பில் மட்டும் தயங்காதீர்கள், வேகம் குறைந்தால் கார் உச்சியில் இருந்து விழும். எஃப்1 முதல் எஃப்4 வரை அழுத்திப் பார்வையை மாற்றலாம். மோதிவிட்டால் ரீபிளேயை, அதாவது ஓட்டத்தின் பதிவை, பின்னால் ஓட்டி, மோதும் முன் ஒரு இடத்தில் நிறுத்தி, அங்கிருந்தே மறுபடி ஓட்டலாம். 1990இல் இதை யோசித்தவர்களை இப்போதும் மனதுக்குள் பாராட்டுகிறேன்.

கல்லடிப் பாலம்

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. மெனுவில் பாதை கட்டும் பகுதிக்குப் போங்கள். 30க்கு 30 கட்டம் உள்ள ஒரு நிலம் வரும். வெறும் நிலத்தில் தொடங்காமல், தண்ணீர் உள்ள ஏதாவது ஒரு பாதையைத் திறந்து அதில் மாற்றத் தொடங்குங்கள். தண்ணீர்தான் நம் மட்டக்களப்பு வாவி.

தண்ணீர் ஓரமாக ஓர் ஏற்றம், பிறகு நாலைந்து உயர்ந்த பாதைத் துண்டு, பிறகு இறக்கம். கல்லடிப் பாலம் வந்துவிட்டது. நான் கட்டுவது 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தை. 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் வரும் வரை, ஒரு பக்க வாகனம் போய் முடியும் மட்டும் மறுபக்கம் நின்றுகொண்டிருந்தோமே, அதை. ஸ்டன்ட்ஸின் உயர்ந்த பாதைக்கு ஓரச் சுவர் நம்பிக்கையாக இல்லை, விளிம்பில் சக்கரம் போனால் கீழேதான். அதனால் பாலத்துக்கு முன்னால் நேர்ப் பாதை இரண்டு துண்டாவது வையுங்கள், காரை நேராக்க இடம் வேண்டும்.

பாலம் இறங்கினால் காத்தான்குடி. நடு வீதியில் நிற்கும் பேரீச்ச மரங்களுக்காக, அலங்காரப் பொருட்களில் உள்ள பனை போன்ற மரத்தைப் பாதை ஓரத்தில் வரிசையாக வைத்தோம். பெட்ரோல் ஷெட்டும் இருக்கிறது, அதை ஆரையம்பதிப் பக்கம் போட்டோம். களுவாஞ்சிக்குடி தாண்டினால் மண் பாதை, வயலுக்குள் இறங்குகிற மாதிரி. அதில் கார் வழுக்கும், வேகத்தைப் பாதியாக்குங்கள்.

பாதை சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் முடிய வேண்டும், தொடக்கக் கோடும் ஒன்று வேண்டும். எங்கேயாவது துண்டு பொருந்தாவிட்டால் விளையாட்டே பிழையைச் சொல்லும். சொன்னால் வளைவுகளை முதலில் பாருங்கள். பெரிய வளைவு நான்கு கட்டத்தைப் பிடிக்கும், புதியவர்கள் பிழை விடுவது அதில்தான்.

சேமிக்கும்போது பெயர் மறுபடியும் ஆங்கிலத்தில் 8 எழுத்துக்குள். ஃபோல்டரில் டிஆர்கே என்று முடியும் ஃபைலாக அது இருக்கும், அளவு 1802 பைட். அதை வட்ஸப்பில் டொக்கியுமென்டாக அனுப்பலாம். வாங்குகிறவர் தன் ஸ்டன்ட்ஸ் ஃபோல்டருக்குள் போட்டால் அதே பாலத்தில் ஓட்டுவார். மருமகன் லீவு முடிந்து அக்கரைப்பற்றுக்குப் போனவன், தன் ரீபிளே ஃபைலை நேற்று அனுப்பியிருந்தான். பாலத்தில் என்னை விட மூன்று வினாடி முந்தி. எந்தக் காரில் என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.