முச்சந்தியில் கைப்பேசியைத் தூக்குமுன்: காவலரைப் படம்பிடிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்களுடையது ஒரு தோட்டப்புறச் சிறுநகரம். செம்பனை லாரிகள் திரும்பும் முச்சந்தியில் சாலைத் தடுப்பு போட்டால், தோட்டத்துப் பையன்களின் மோட்டார்களே முதலில் ஓரங்கட்டப்படும். ஒரு மாலை, அப்படி நிறுத்தப்பட்ட பதினாறு வயதுப் பையனின் கன்னத்தில் அறை விழுந்தது. எதிர்க்கடையில் நின்ற ஒருவர் அதைப் படம்பிடித்தார். அன்றிரவே எல்லாப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களிலும் அது சுற்றியது. முன்னும் பின்னும் வெட்டி, சினிமாப் பாட்டைச் சேர்த்திருந்தார்கள். பையனின் முகமோ பளிச்சென்று தெரிந்தது. இரண்டு வாரம் கழித்து அவன் தாய் புகார் கொடுக்க முனைந்தபோது மூலக் காணொளி யாரிடமும் இல்லை. அந்த ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

பொது இடத்தில் பணியாற்றும் காவலரைப் படமெடுப்பதே குற்றம் என்று பயந்து முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள் நம்மில் ஏராளம். அப்படித் தடுக்கும் தனிச் சட்டம் மலேசியாவில் இல்லை. 2009 ஜனவரியில் போலீஸ் தடுப்புக் காவலில் இறந்த அ. குகனை நினைத்துப் பாருங்கள். நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. உடலிலிருந்த காயங்களைக் குடும்பத்தார் படமெடுத்து வைத்திருந்தார்கள். விடாமல் போராடி இரண்டாவது பரிசோதனையும் பெற்றார்கள். அவர் மரணத்துக்குக் காவல்துறையும் அரசும் பொறுப்பு என்று 2013இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படத்திற்கு அவ்வளவு வலிமை உண்டு.

சிக்கல் வருவது படமெடுப்பதால் அல்ல, எடுக்கும் விதத்தால். கைப்பேசியைக் காவலரின் முகத்துக்கு நேரே நீட்டுவது, "ஏன் அடித்தீர்கள்?" என்று இடையில் புகுந்து கத்துவது, போகச் சொன்ன பிறகும் வழியை மறித்து நிற்பது ஆகியவை உங்களைச் சாட்சியாக இருக்க விடாமல் குற்றவாளியாக்கிவிடும். பொது ஊழியரின் பணிக்கு இடையூறு செய்தால் குற்றவியல் சட்டத்தின் 186ஆவது பிரிவு பாயும்: 2 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும். தள்ளி நிற்கச் சொன்னால் தள்ளி நின்று எடுங்கள். சாலையின் மறுபக்கத்திலிருந்து எடுத்தாலும் இன்றைய கைப்பேசியில் போதிய அளவு தெரியும். மோட்டாரை ஓட்டிக்கொண்டே எடுக்க வேண்டாம். 'காவாசான் லாராங்கான்' (தடைசெய்யப்பட்ட பகுதி) என்ற பலகை உள்ள இடங்களில் கைப்பேசியை வெளியே எடுக்கவே வேண்டாம். அவற்றுக்கு 1959ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது.

அடுத்த தவறுதான் என்னை அதிகம் வருத்துவது: எடுத்த சூட்டோடு பரப்புவது. அந்தப் பையனுக்கு வயது 18 ஆகவில்லை. வழக்கில் சிக்கிய, பாதிக்கப்பட்ட அல்லது சாட்சியான சிறாரை அடையாளம் காட்டும் படத்தை வெளியிடுவதை 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 15ஆவது பிரிவு தடுக்கிறது. தண்டனை 5 ஆண்டு சிறை வரை போகும். சட்டம் கிடக்கட்டும். அடி வாங்கிய முகத்தோடு அவன் மறுநாள் பள்ளிக்குப் போக வேண்டுமே!

படத்தோடு நாம் எழுதும் வரிகளும் ஆபத்தானவை. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதினாலோ ஆபாசமாகத் திட்டினாலோ தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவின்கீழ் இழுக்கப்படலாம். 2025 பிப்ரவரி முதல் அதன் உச்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. காவலரின் வீட்டு முகவரியையோ பிள்ளைகளின் படத்தையோ தேடிப் போடுவது அறவே கூடாது. "நான் பகிர்ந்தேன், அவ்வளவுதான்" என்பதும் எடுபடாது. ஆதாரச் சட்டத்தின் 114ஏ பிரிவு, இணைய இணைப்பு யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே வெளியிட்டார் என்று அனுமானித்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது அவர் பாடு. நம் வீடுகளில் பிள்ளையின் கைப்பேசி எண் பெரும்பாலும் அப்பா பெயரில் இருக்கிறது.

காவலர் அதட்டினால் பயந்துபோய் அழித்துவிடுவதும், ஆத்திரத்தில் கைப்பேசியைப் பிடித்து இழுப்பதும் ஒரே அளவு தவறு. "விசாரணைக்குத் தேவைப்படலாம், நிலையத்தில் ஒப்படைக்கிறேன்" என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள். கைப்பேசியை எடுத்துக்கொண்டே தீருவார்கள் என்றால், அதை எடுத்துக்கொண்டதற்கு எழுத்தில் சான்று கேளுங்கள். கடவுச்சொல்லைக் கேட்கும் அதிகாரத்தைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 116பி பிரிவு தருவது, சோதனை நடத்தும் இன்ஸ்பெக்டருக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும்தான்.

மூலக் காணொளியை வெட்டாமல், பாட்டுச் சேர்க்காமல் அப்படியே வையுங்கள். புலனத்தில் வழக்கம்போல் அனுப்பினால் தரம் குறையும், எடுத்த நேர விவரமும் போய்விடும். ஆவணமாக அனுப்புங்கள், ஒரு பிரதியை வேறிடத்தில் சேமியுங்கள். இடம், நேரம், வாகன எண், சீருடையிலுள்ள பெயர், பக்கத்தில் நின்றவர்கள் யார் யார் என்பதையெல்லாம் அன்றே தாளில் எழுதுங்கள். புகாரைக் காவல்துறைத் தலைமையகமான புக்கிட் அமானின் நேர்மை, தர இணக்கப் பிரிவுக்கோ, 2023 ஜூலை முதல் இயங்கும் சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையத்துக்கோ அனுப்பலாம்.

எங்கள் பையனின் தாய் புகார் கொடுத்துவிட்டார். சாட்சி சொல்ல எதிர்க்கடைக்காரரும் சம்மதித்திருக்கிறார். அவர்கள் கையில் இப்போது இருப்பது பாட்டோடு கூடிய பதினொரு விநாடி மட்டுமே.