காய்ச்சலில் கிடக்கும்போது சைக்கிள் ஆசையைக் கெடுத்துக்கொள்ளும் வழிகள்

உடம்பு சரியில்லாமல் வீட்டில் முடங்கிக் கிடக்கும்போது சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு வரும் முதல் யோசனையே தப்பானது. வெளியேதானே போகக் கூடாது, சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் ட்ரெய்னர் ஸ்டாண்டில் வீட்டுக்குள்ளேயே மாட்டி அரை மணி நேரம் மெதுவாக மிதித்தால் வியர்வையோடு காய்ச்சலும் இறங்கிவிடாதா என்று தோன்றும். இறங்காது. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினாலே இதயம் நிமிடத்துக்குச் சுமார் 10 துடிப்பு கூடுதலாக அடிக்கிறது, அதாவது நீங்கள் சும்மா படுத்திருக்கும்போதே அது மேடு ஏறிக்கொண்டிருக்கிறது. வைரஸ் காய்ச்சலோடு உடம்பை வருத்தினால் இதயத் தசையிலேயே வீக்கம் வரும் ஆபத்தும் உண்டு.

நானும் செய்து பார்த்திருக்கிறேன். மிதிக்கும் முன்பே வாட்ச் நாடித்துடிப்பு 104 என்று காட்டியது. பத்தாவது நிமிடம் ஹேண்டில்பாரில் நெற்றியை வைத்துக்கொண்டு, தரையில் சொட்டும் வியர்வையை எண்ணிக்கொண்டிருந்தேன். அதோடு இன்னும் நான்கு நாள் படுக்கை. மூக்கடைப்பு, தும்மல் என்று தொந்தரவு கழுத்துக்கு மேலேயே நின்றால் லேசாக மிதிக்கலாம், நெஞ்சுச் சளி, உடம்பு வலி, காய்ச்சல் என்றால் சைக்கிள் பக்கமே போகக் கூடாது என்று பலரும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஸ்ட்ராவா, யார் எவ்வளவு தூரம் ஓட்டினார்கள் என்று பதிந்து எல்லோருக்கும் காட்டும் ஆப். ஊக்கம் வேண்டும் என்றுதான் திறப்போம், ஆனால் கூட ஓட்டுகிறவர் காலையில் 80 கிலோமீட்டர் போய்வந்ததைப் பார்த்ததும் மிஞ்சுவது எரிச்சல்தான், போதாக்குறைக்கு நம் ஃபிட்னஸ் எல்லாம் போய்விட்டதே என்கிற பயம் வேறு. அவ்வளவு சீக்கிரம் போகாது. ஓட்டாத முதல் சில நாட்களில் பெரும்பாலும் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதிதான், தசை இல்லை. திரும்ப ஓட்ட ஆரம்பித்தால் அது விரைவிலேயே ஏறிவிடும்.

சரி, பழைய பந்தயங்களைப் பார்க்கலாமா? தாராளமாக. ஆனால் கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் துள்ளி எழுவதுதான் பிரச்சினை. பல நாள் நடக்கும் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸில், 1989-இல், கடைசி நாளில் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கியிருந்தும், ஒவ்வொருவராகத் தனித்தனியே நேரத்தோடு போட்டியிடும் 24.5 கிலோமீட்டர் டைம் டிரையலில், முன்னணியில் இருந்த லோரான் ஃபின்யோனை முந்தி, மொத்தக் கணக்கில் வெறும் 8 விநாடியில் ஜெயித்தார். எல்லோரும் அந்த 8 விநாடியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 1987-இல் வேட்டையின்போது தவறுதலாகச் சுடப்பட்டு உயிர் பிழைத்ததே பெரிது என்று கிடந்து, அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் டூர் ஓட்ட முடியாமல் போனவர் அவர். படுக்கையில் இருப்பவருக்கு வேண்டிய கதை அந்த இரண்டு வருடத்தில் இருக்கிறது.

ராத்திரி தூக்கம் வராமல் புது சக்கரம் ஆர்டர் செய்யாதீர்கள். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கை சும்மா இருக்காது என்றால், காய்ச்சல் விட்டபிறகு செயினைக் கவனிக்கலாம். பழைய துணியால் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினால் கறுப்பு மை மாதிரி வரும், அப்புறம் ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு எண்ணெய், மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். (ஸ்காட்லாந்து சைக்கிள் வீரர் கிரேம் ஓப்ரி வாஷிங் மெஷின் பேரிங்கை வைத்துத் தானே கட்டிய சைக்கிளில்தான் 1993-இல் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை செய்தார். அதற்காக வாஷிங் மெஷினைப் பிரிக்க வேண்டாம்.)

கடைசித் தவறு, எழுந்த முதல் நாளே விட்டதைப் பிடிக்கக் கிளம்புவது. காலையில் எழுவதற்கு முன் நாடித்துடிப்பைப் பாருங்கள். அது வழக்கமான எண்ணுக்கு வந்து இரண்டு நாளாவது நின்றபிறகு, மேடே இல்லாத சாலையில், பேசிக்கொண்டே போகிற வேகத்தில் அரை மணி நேரம் போதும். அந்த ரைடை மட்டும் ஸ்ட்ராவாவில் ஏற்றாதீர்கள்.