‘ரோஜர்’ போதாது: விமான ரேடியோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் குன்னூரில் என் வீட்டு முன்னறையில் நாலைந்து பிள்ளைகள் கூடுவார்கள். கேத்தி, கோத்தகிரி, வெலிங்டன் என்று சுற்றுவட்டாரம்தான். விமானி உரிமத்துக்குப் படிப்பவர்கள். ரேடியோ தேர்வுக்குத் தயாராக என்னிடம் வருகிறார்கள். இரண்டு நாற்காலிகளை முதுகுக்கு முதுகு போட்டு ஒருவரை விமானியாகவும் இன்னொருவரைத் தரையிலிருந்து விமானங்களுக்கு வழிசொல்லும் கட்டுப்பாட்டாளராகவும் உட்கார வைப்பேன். முகம் தெரியக் கூடாது, குரல் மட்டும்தான். சமவெளியில் ஒரு விமான நிலையக் கோபுரத்தில் கட்டுப்பாட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இவர்கள் செய்யும் தவறுகளில் பாதி நான் செய்தவை. கேட்கும்போது சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

மைக்கைச் சரியாகப் பிடி, நிதானமாகப் பேசு என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கும். விட்டுவிடுகிறேன்.

பட்டனும் வாயும் ஒரே நேரத்தில்

மைக் பட்டனை அமுக்கு, ஒரு கணம் பொறு, அப்புறம் பேசு. இல்லாவிட்டால் முதல் சொல் போய்ச் சேராது.

‘ரோஜர்’

சினிமா பார்த்து வந்த பழக்கம் இது. ‘நீங்கள் சொன்னது முழுவதும் காதில் விழுந்தது’ என்பதைத் தாண்டி அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடையாது. செய்கிறேன் என்பதற்கு ‘வில்கோ’ இருக்கிறது. உயரம், திசை, வேகம், ஓடுபாதை எண், அல்டிமீட்டர் (உயரமானி) அளவு, டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) எண், ஓடுபாதையில் நுழைய, கடக்க, ஏற, இறங்கத் தரும் அனுமதி, இவற்றுக்கெல்லாம் ‘ரோஜர்’ பதிலே இல்லை. அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் ரீட்பேக்.

திருப்பிச் சொன்னதைக் கேட்காமல் விடுவது

இதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. விமானி திருப்பிச் சொல்வது எதற்கு? கட்டுப்பாட்டாளர் கேட்டுச் சரிபார்ப்பதற்கு. அவர் கேட்கவில்லை என்றால் ரீட்பேக் வெறும் சடங்கு.

பணியில் சேர்ந்த புதிதில் நடந்தது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு நீளமான காகிதத் துண்டு இருக்கும், ஸ்ட்ரிப் என்போம். ஒரு விமானத்தை 9,000 அடிக்கு இறங்கச் சொல்லிவிட்டு ஸ்ட்ரிப்பில் நூறு அடிக் கணக்கில் 90 என்று எழுதினேன். விமானி திருப்பிச் சொன்னார். நானும் டிக் போட்டேன். பின்னால் நின்றிருந்த சீனியர் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மைக்கைப் பிடுங்கினார். ‘நெகடிவ்’ என்று சொல்லி உயரத்தை மறுபடி கொடுத்தார். விமானி திருப்பிச் சொன்னது 5,000 அடி! கீழே வேறு விமானம் இல்லை, பக்கத்தில் மலையும் இல்லை. அதனால் தப்பித்தேன். சீனியர் திட்டவில்லை. “நீ கேட்டது அவர் குரலை இல்ல தம்பி, உன் பேனாவை” என்றார்.

இரைச்சலில் ஃபைவும் நைனும் ஒன்றுபோலக் கேட்கும். அதனால்தான் ‘ஃபைஃப்’, ‘நைனர்’ என்று சொல்லச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது கேலியாக இருக்கிறது.

1989 பிப்ரவரி 19 அன்று கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்துக்கு சிங்கப்பூரிலிருந்து ஒரு 747 சரக்கு விமானம் வந்துகொண்டிருந்தது. ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் விமானம். 2,400 அடிக்கு இறங்கச் சொல்ல நினைத்த கட்டுப்பாட்டாளர் ‘டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ’ என்றார். தமிழில் ‘இரண்டு’ வேறு, ‘க்கு’ வேறு, குழப்பமே வராது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘டூ’. ‘நானூறு அடிக்கு’ என்று விமானியின் காதில் விழுந்தது. ‘ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ’ என்று திருப்பியும் சொன்னார். தவறு வெட்டவெளிச்சமாகக் காற்றில் போனது, யாரும் பிடிக்கவில்லை. கடல் மட்டத்திலிருந்து 437 அடி உயரத்தில் ஒரு குன்றில் விமானம் மோதியது. அதில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள்.

437 அடி. நம் ஊரில் அதை மேடு என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். குன்னூரே கிட்டத்தட்ட 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதாவது 8,600 அடிக்கு மேல். இங்கே ஓர் எண் விழுங்கப்பட்டால் என்ன ஆகும் என்று பிள்ளைகளை ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொல்வேன். பாதி நாள் பனியில் எதிர் மலையே தெரியாது. அதுவும் பாடம்தான்.

இரண்டு பழக்கங்கள் சொல்லித்தருகிறேன். 2,400 என்றால் ‘டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்’ என்று முழுதாகச் சொல்ல வேண்டும், இலக்கம் இலக்கமாக அல்ல. ரீட்பேக் முடியும்வரை டிக் போடக் கூடாது. பேனா முனை காகிதத்தைத் தொடாமல் நிற்க வேண்டும். டிக் போட்டதும் காது மூடிக்கொள்கிறது. சோதிக்க நானே விமானியாக உட்கார்ந்து வேண்டுமென்றே தப்பாகத் திருப்பிச் சொல்வேன். முதல் இரண்டு வாரம் எல்லோரும் ‘கரெக்ட் சார்’ என்பார்கள். எனக்கு உள்ளே கொதிக்கும்.

தயங்கித் தயங்கிக் கேட்பது

நம் பிள்ளைகளுக்கு மரியாதை அதிகம். என்ஜின் நின்றாலும் ‘சார், கொஞ்சம் சீக்கிரம் இறங்கலாமா’ என்பார்கள்போல. 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க்கை நெருங்கிய, கொலம்பியாவின் அவியாங்கா நிறுவனத்தின் 52-ஆம் எண் விமானம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் காத்திருந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றும் முன்னுரிமை வேண்டும் என்றும் சொன்னார்கள். ‘எமர்ஜென்சி’ என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. அவசரம் எவ்வளவு என்று கீழே இருந்தவர்களுக்கு உறைக்கவில்லை. விமானம் விழுந்து 73 பேர் இறந்தார்கள். எரிபொருளுக்கு இன்று இரண்டு படி உண்டு: ‘மினிமம் ஃபியூயல்’, அதற்கும் மேலே ஆபத்து அழைப்பான ‘மேடே, மேடே, மேடே, ஃபியூயல்’. கூச்சப்படாமல் சொல்ல வேண்டும்.

மௌனம் சம்மதம்

இல்லை. பர்லியார் பக்கம் வளைவில் போன் செத்துப்போவதுபோல, விமான ரேடியோவின் வி.எச்.எஃப். அலையும் மலைக்குப் பின்னால் போய்ச் சேராது. பதில் வரவில்லை என்றால் அனுமதி வரவில்லை.

‘ஓகே’யும் ‘டேக்-ஆஃப்’பும்

1977 மார்ச் 27, டெனெரிஃப் தீவு, ஓடுபாதையில் மூடுபனி. நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவன விமானம் டேக்-ஆஃபில் இருப்பதாகச் சொன்னது. கோபுரம் ‘ஓகே’ என்று தொடங்கி, சற்று இடைவெளி விட்டு, ‘டேக்-ஆஃபுக்குக் காத்திருங்கள், அழைக்கிறேன்’ என்றது. அதே நேரத்தில், இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று அமெரிக்காவின் பான் ஆம் நிறுவன விமானமும் பேசியது. இருவர் ஒரே அலைவரிசையில் பேசினால் கீச்சொலிதான் மிஞ்சும். கே.எல்.எம். காக்பிட்டில் தெளிவாக விழுந்தது அந்த ‘ஓகே’ மட்டும். இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

இப்போது ‘டேக்-ஆஃப்’ என்ற சொல் அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே வரலாம். மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’. போன வாரம்கூட ஒரு பையன் ‘ரெடி ஃபார் டேக்-ஆஃப்’ என்றான். வர்க்கியும் டீயும் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி முதலிலிருந்து மறுபடி பேச வைத்தேன்.