ஜி90 எங்கே, ஜி91 எங்கே

சிஎன்சி மில்லிங் மெஷின் புரோகிராமில் ஜி90 (அப்சல்யூட்) இருந்தால் ஒவ்வொரு எண்ணும் ஜி54-இல் வைத்த ஜாப் ஜீரோவிலிருந்து (ஜாப்பில் நாம் குறிக்கும் பூஜ்யப் புள்ளி) கணக்கு. ஜி91 (இன்க்ரிமென்டல்) இருந்தால் டூல் இப்போது நிற்கும் இடத்திலிருந்து. இரண்டும் மோடல், மாற்றும்வரை அப்படியே நிற்கும்.

எக்ஸ் 10, 30, 50, 70-இல் நான்கு துளை போட வேண்டும். முதல் துளையை எப்போதும் ஜி90-இல் போடுங்கள்:

ஜி90 ஜி81 எக்ஸ்10. ஒய்15. இசட்-12. ஆர்2. எஃப்100
ஜி91 எக்ஸ்20. கே3
ஜி90 ஜி80

ஜி81 துளை போடும் சைக்கிள்; இசட் ஆழம், ஆர் துளையிடத் தொடங்கும் உயரம், எஃப் வெட்டும் வேகம். இரண்டாவது வரி 20 மி.மீ. தள்ளித் தள்ளி மூன்று துளை போடும்; கே3 என்றால் மூன்று முறை. ஜி80 சைக்கிளை நிறுத்தும். (சில கண்ட்ரோலில் கே-க்குப் பதில் எல்.) மூன்றாவது வரியில் ஜி90 விட்டுப்போனால் அடுத்து வரும் எக்ஸ்0. டூலை ஜீரோவுக்குக் கொண்டுபோகாது, 70-லேயே நிற்கும். அலாரமும் வராது, அதுதான் வம்பு.

இன்க்ரிமென்டலில் ரவுண்டிங் சேர்ந்துகொண்டே போகும். 100 மி.மீ.-ஐ 7-ஆகப் பிரித்து 14.286 என்று ஏழு முறை கொடுத்தால் 100.002-இல் போய் நிற்கும். ஏழு துளைக்கு இது பெரிதல்ல, நூறு பல்லுள்ள ராக்குக்கு (பல் வெட்டிய நேர்ப் பட்டை) பெரிது. இன்னொன்று: ஜி91 புரோகிராமை நடுவில் நிறுத்தினால், பாதியிலிருந்து மறுபடி ஓட்டாதீர்கள். டூல் எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் எண்ணத் தொடங்கும்.

டூலை மேலே ஹோமுக்கு (மெஷினின் நிலையான இடம்) அனுப்ப ஜி91 ஜி28 இசட்0. என்று எழுதுவது வழக்கம். இதில் ஜி91 விடுபட்டால், டூல் முதலில் ஜாப்பின் இசட் ஜீரோவுக்கு ரேபிடில் (முழு வேகத்தில்) இறங்கி, பிறகுதான் ஹோமுக்கு ஏறும். நடுவில் கிளாம்ப் இருந்தால் டூல் போச்சு. அதனால் ஜி91 வரும் பிளாக்கை சிங்கிள் பிளாக்கில் (ஒவ்வொரு வரியாக), ரேபிட் ஓவர்ரைடைக் குறைத்து, டிஸ்டன்ஸ்-டு-கோ (இன்னும் நகர வேண்டிய தூரம்) பார்த்தே ஓட்டுங்கள்.

ஆர்க்கில் (வளைவில்) ஐ, ஜே பெரும்பாலான கண்ட்ரோல்களில் ஜி90 இருந்தாலும் இன்க்ரிமென்டல்தான்: ஆர்க் தொடங்கும் புள்ளியிலிருந்து மையம் வரை.

லேத்தில் கதையே வேறு. ஃபனுக் கண்ட்ரோலின் ஏ-சிஸ்டத்தில் (ஜி-கோட் தொகுப்பு) ஜி90 என்பது டர்னிங் சைக்கிள். இன்க்ரிமென்டலுக்கு எக்ஸுக்குப் பதில் யூ, இசட்டுக்குப் பதில் டபிள்யூ. டயாமீட்டர் புரோகிராமிங்கில் யூ-0.2 கொடுத்தால் விட்டம் 0.2 குறையும், டூல் நகர்வது 0.1 மட்டுமே.