நாள் முழுக்க ஓடும் வீடியோ: எங்கள் டீமுக்குச் சரிசெய்த விதம்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று ஆளுக்கொரு ஊரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறோம். ஒரே அறையில் இருப்பதுபோலத் திறந்தே கிடக்கும் வீடியோ ஆப் ஒன்றை, பிரௌசரிலேயே வீடியோ அழைப்பு நடத்த உதவும் வெப்ஆர்டிசியில் எழுதினோம். மதியத்துக்குள் லேப்டாப் சூடாகி ஃபேன் இரையும், கரன்ட் போய் மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினால் படம் உறைந்துவிடும், அன்றைய டேட்டாவும் காலி.

நேரடியாக இணைத்தால் 6 பேரில் ஒவ்வொருவரும் மற்ற 5 பேருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். ஒரு வீடியோவுக்கு நொடிக்கு 300 கிலோபிட் என்றாலும் 8 மணி நேரத்தில் அப்லோட் மட்டும் 5 ஜிபியைத் தாண்டும். வரும் வீடியோவை மற்றவர்களுக்குப் பிரித்து அனுப்பும் எஸ்எஃப்யூ சர்வரை நடுவே வைத்தேன், ஒருமுறை அனுப்பினால் போதும். சரி, யாரும் பேசாத நேரத்தில் வீடியோ எதற்கு? ஜெராக்ஸ் ஆய்வகங்களில் போர்ட்ஹோல்ஸ் என்ற பெயரில், அறைகளின் சிறு படங்களைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை பகிர்ந்திருக்கிறார்கள், அதுவும் 1992 வாக்கிலேயே. அதையே பிடித்துக்கொண்டேன்: சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஒரு மங்கலான படம், பெயரைத் தட்டினால் மட்டும் வீடியோ. நெட் மாறும்போது, இணைப்புக்கான வழியைப் புதிதாகத் தேடும் ஐஸ் ரீஸ்டார்ட் கொடுத்தால் அழைப்பு பெரும்பாலும் அறுவதில்லை.

மங்கலாக்கியது டேட்டாவுக்காக இல்லை. பின்னால் அம்மா முறத்தோடு போவதை டீமே பார்க்க வேண்டாமே! மைக்கும் அப்படித்தான், யாராவது தட்டினால் மணி அடித்து, நாம் ஏற்ற பிறகுதான் திறக்கும். மேனேஜருக்கு மட்டும் தெளிவான படம் வேண்டும் என்று கேட்டார்கள், முடியாது என்றேன்.