‘கட்டாயம் பாருங்கோ’: ஆவணப்படப் பிரியர்கள் விடும் பிழைகள்

நல்ல ஆவணப்படம் ஒன்றைப் பார்த்து முடித்த கையோடு அதை யாருக்காவது காட்டவேண்டும்போல் இருக்கும். அந்த அவசரத்தில் குடும்ப வட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டு, “கட்டாயம் பாருங்கோ” என்று எழுதிவிடுவோம். கனடாவில் இருக்கிற சித்தப்பா கைகூப்புகிற படம் ஒன்று போடுவார். அதோடு சரி. பிள்ளைகளுக்கோ ‘கட்டாயம்’ என்று கேட்டதும் ரியூசன் ஞாபகம் வந்துவிடும். “உது சோதினைக்கு வருமோ?” என்று கேட்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பத்துப் பேருக்கு இணைப்பு அனுப்புவதை விட ஒருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திப் பார்ப்பது மேல். அந்த ஒருவருக்கு எந்தப் படம் என்பதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். உலகத்தின் தலைசிறந்த ஆவணப்படங்கள் என்று எங்கேயோ கிடைத்த பட்டியலின் முதலாவதைப் போடுவார்கள். கிளோட் லான்ஸ்மனின் ‘ஷோவா’ (1985) மகத்தான படம்தான். ஆனால் ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். வேலைக்குப் போய்க் களைத்து வந்தவரிடம் அதை நீட்டுவது அன்பில்லை.

ஆளின் தொழிலைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் குருநகரிலோ பாசையூரிலோ கடலுக்குப் போகிறவருக்கு ‘மை ஒக்டோபஸ் டீச்சர்’ (2020) காட்டிப் பாருங்கள். தென்னாபிரிக்கக் கடலுக்குள் பாசிக் காட்டில் வாழும் ஓர் ஒக்டோபஸைத் தேடி ஒரு மனிதர் நாள்தோறும் மூழ்குகிற கதை. அது எந்தப் பொந்துக்குள் ஒளிக்கும், எப்போது நிறம் மாறும் என்று கடலுக்குப் போகிறவருக்குப் படம் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்து நிமிடத்துக்குள் படத்தோடு வாதாடத் தொடங்குவார். அப்படித் தொடங்கினால் நீங்கள் வாயை மூடிக்கொண்டு அவர் சொல்வதைக் கேளுங்கள். படத்தை நிற்பாட்டி வைத்தாலும் பரவாயில்லை.

மொழி அடுத்த சிக்கல். ஆங்கில விவரணை ஓட ஓட, அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து வரிக்கு வரி மொழிபெயர்க்கிறவர்கள் உண்டு. அவருக்குப் படமும் போய்விடும், மொழிபெயர்ப்பும் போய்விடும். தொடங்குமுன் இரண்டு வசனத்தில் கதையைச் சொல்லிவிட்டு விட்டுவிட்டாலே போதும். இயற்கை பற்றிய படங்களில் பாதிக்கு மேல் கண்ணாலேயே விளங்கும். தமிழில் குரல் மாற்றி வரும் சில படங்களில் முதலைகூட வில்லன் குரலில் வருகிறது. எனக்கு அதைவிட ஆங்கிலமே மேல். தமிழிலேயே பேசுகிற படம் வேண்டுமென்றால் கார்த்திகி கொன்சால்வெஸின் ‘த எலிபன்ட் விஸ்பரர்ஸ்’ (2022) இருக்கிறது. முதுமலையில் ரகு என்ற யானைக்குட்டியை வளர்த்த பொம்மன், பெள்ளி பற்றியது. சுமார் 40 நிமிடம். 2023இல் ஒஸ்கார் பெற்ற படம் என்பதை முடிந்த பிறகு சொல்லுங்கள். முதலே சொன்னால் விருதைத்தான் பார்ப்பார்கள்.

இனி, எங்கள் ஊரில் அதிகம் நடக்கிற பிழை: ஆவணப்படம் என்றதும் போரைப் பற்றியதையே முதலில் எடுப்பது. காட்டுகிறவருக்கு அது வரலாறு. பார்க்கிற வீட்டில் அது இன்னும் முடியாத விசயமாக இருக்கலாம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடுகிற தாய் ஒருவர் 2009 இறுதிக்கட்டக் காட்சிகளைப் பார்த்தால் இயக்குநர் சொல்ல வந்தது அவர் காதில் ஏறாது. பின்னால் நடந்து போகிற சனத்துக்குள் ஒரு முகத்தைத் தேடுவார். “உதை ஒருக்காத் திருப்பிப் போடு தம்பி” என்பார். திருப்பிப் போட்ட பிறகு என்ன செய்வீர்கள்?

அந்தப் படங்களை மூடி வைக்கச் சொல்லவில்லை. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றி சோமீதரன் எடுத்த ‘எரியும் நினைவுகள்’ (2008) போன்ற ஒன்றை, அந்த நெருப்பைக் கண்ணால் கண்டவர்களோடு இருந்து பார்க்கிற வாய்ப்பு வேறெந்த ஊரில் கிடைக்கும்? ஆனால் போர் பற்றிய எந்தப் படமானாலும் என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உடல்கள் தெரியுமென்றால் தெரியும் என்று சொல்லுங்கள். இடையில் எழும்பிப் போகிறவரிடம் காரணம் கேட்காதீர்கள், பின்னால் போய்ச் சமாதானமும் சொல்லாதீர்கள். ஒரே வீட்டுக்குள் இரண்டு அரசியல் இருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். தமிழ் இயக்கங்களுக்குள் நடந்த வன்முறையையும் பேசுகிற யூட் ரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ 2017இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. அதே ஆண்டு யாழ்ப்பாண சர்வதேச திரைப்பட விழாவில் அதைக் காட்டும் ஏற்பாடு எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. ஒரு விழாவே தடுமாறுகிற இடத்தில் உங்கள் விறாந்தை எம்மாத்திரம்? இப்படியான படங்கள் நாலைந்து படம் சேர்ந்து பார்த்து, ஒருவரோடொருவர் முரண்படப் பழகிய பிறகு வரட்டும்.

“ஆவணப்படமெண்டால் எல்லாம் உண்மை” என்று சொல்லிக் கூப்பிடுவதும் பிழைதான். டிஸ்னியின் ‘வைற் வைல்டர்னெஸ்’ (1958) லெமிங் என்ற சிறு பிராணிகள் கூட்டமாகத் தற்கொலை செய்வதாகக் காட்டியது. உண்மையில் கனடாவின் அல்பேர்ட்டாவுக்கு அவற்றைக் கொண்டுவந்து, படப்பிடிப்புக்காகப் பள்ளத்தில் தள்ளினார்கள். அதற்கும் ஒஸ்கார் கிடைத்தது. 2011இல் பிபிசியின் ‘ஃபுரோசன் பிளனற்’ தொடரில் வந்த துருவக் கரடிக் குட்டிகள் விலங்குக் காட்சிச்சாலையில் படமாக்கப்பட்டவை என்பது வெளியே வந்து பெரும் வாதமானது. தூரத்து விலங்கு நடக்கும் காலடிச் சத்தம்கூடப் பெரும்பாலும் பிறகு ஒலிக்கூடத்தில் சேர்த்ததுதான். யார் காசு போட்டு எடுத்தது என்பதும் கேட்கத்தக்க கேள்வி. பசில் ரைற் 1934இல் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ தேயிலை விளம்பரச் சபையின் காசில் உருவானது. ஆனாலும் அழகான படம். இதையெல்லாம் தெரிந்து வைத்திருங்கள். அதற்காகப் படம் ஓடும்போதே “உது பொய், இதுவும் பொய்” என்று விரல் நீட்டிக்கொண்டிருந்தால் உங்களோடு இருந்து பார்க்க ஆள் வராது.

சனசமூக நிலையத்திலோ முற்றத்திலோ கொஞ்சம் பெரிதாகச் செய்கிறவர்கள் முழுக் கவனத்தையும் புரொஜெக்டரில் வைப்பார்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் சனம் பொறுக்கும். பேச்சு விளங்காவிட்டால் எழும்பிவிடும். ஆகவே நல்ல ஸ்பீக்கர் முதல். இருட்டுப்பட முன் தொடங்கினால் திரையில் ஒன்றும் தெரியாது. அயல் கோயிலில் திருவிழா நடக்கிற நாட்களில் ஒலிபெருக்கியோடு போட்டி போடாதீர்கள். நல்லூர்க் கொடியேறிவிட்டால் 25 நாளும் யோசிக்கவே வேண்டாம். படத்தை யூரியூப்பில் நேரடியாக ஓட விடலாம் என்று நம்பாமல், அனுமதியோடு கிடைக்கும் பிரதியைக் கையில் வைத்திருங்கள். பொது இடமென்றால் இயக்குநரிடம் மின்னஞ்சலில் ஒரு சொல் கேளுங்கள். நெற்பிளிக்ஸின் சில ஆவணப்படங்களுக்குக் கல்வி நோக்கில் திரையிட அனுமதி உண்டு. எவையெவை என்று அவர்களுடைய தளத்திலேயே பார்க்கலாம். வசதி இல்லை என்பது வெறும் சாட்டு. தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாமல் ஜெனரேட்டரும் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடியும்வரை படம் பார்த்த ஊர் இது.

படம் முடிந்ததும் லைற்றைப் போட்டு, “சரி, என்ன விளங்கினது?” என்று கேட்கிற வாத்தியார் குணம் எங்களில் பலருக்கு இரத்தத்திலேயே ஊறியது. கேட்காதீர்கள். பிளேன்ரீயைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால், கதைக்க இருக்கிறவர் தானாகக் கதைப்பார். பிறகு ஒன்றே ஒன்று கேட்கலாம்: அடுத்த முறை நீங்கள் ஒரு படம் தெரிவு செய்வீர்களா? அவர் கொண்டு வருவது யாரோ துருப்பிடித்த லொறி ஒன்றைத் திருத்துகிற ஒன்றரை மணித்தியால யூரியூப் வீடியோவாக இருக்கலாம். ஃபோனைப் பார்க்காமல் கடைசி வரை இருந்து பாருங்கள். என்ஜின் ஸ்டார்ட் ஆகுமா இல்லையா என்பது உண்மையிலேயே பதற்றமான விசயம்.